எட்டாம் மாதத்துத் தலைவலி

ஈப்போ, பெரிய ஆஸ்பத்திரி
4.6.1979

அன்புள்ள மச்சானுக்கு,

திலகம் எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே சோறு இருக்கிறது, உப்புதான் இல்லை.

ரத்த அழுத்தம் இறங்கவில்லை. தினமும் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். அதில் யூரிக் அமிலம் ஏறிக்கொண்டே போகிறதாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு அது ஆபத்தாம். பிள்ளையை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவு படித்தவருக்குத் தெரியவில்லை. ஒன்பது பிறக்கட்டும், அப்புறம் எடுக்கட்டும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தலை பிளக்கிறது. கண்ணில் பூச்சி பறக்கிறது. நர்ஸ் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் பிள்ளையைப் போல இதையும் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு தோட்டத்துக்கு மலையேற என்னால் முடியாது. யாரிடமும் வாய் திறக்காதீர்கள்.

உங்கள்
திலகம்


தானா ராத்தா, தேயிலைத் தோட்டம்
5.6.1979

என் திலகத்துக்கு,

காய்கறி லோரி ஓட்டும் மாடசாமி உன் கடிதத்தைக் காலையில் கொடுத்தார். படித்ததும் ஆபீசுக்கு ஓடினேன். கணக்கெழுதும் கிராணியிடம் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போன் போடவைத்தேன். தலைவலி, கண்ணில் பூச்சி எல்லாவற்றையும் நர்ஸிடம் சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, தமிழ் நர்ஸ். "ரத்தத்தப் பாத்தே எங்களுக்குச் சந்தேகம்தான் லா. தலவலி வேறயா? இதுக்கு மேல வச்சிருந்தா வலிப்பு வந்துரும், ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார். "ஒடனே எடுங்கம்மா!" என்று கத்திவிட்டேன். கிராணி பயந்துபோனார்.

எட்டாம் மாதத்தில் எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நீயும் பேசமாட்டாய், தெரியும். பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? ஆனால் முதலில் நீ வேண்டும். இதை மாடசாமியிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே நான் வருவேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன்
முருகையா


ஈப்போ
19.6.1979

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வருவதற்குள் என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் கட்டிலருகே நின்ற மூன்று நாளும் நான் சுவரைப் பார்த்தே கிடந்தேன். நீங்கள் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தைவிடப் பயம் அதிகம். வாயைத் திறந்திருந்தால், "புள்ள போயிருச்சா?" என்றுதான் கேட்டிருப்பேன்.

என் அழுத்தம் இறங்கிவிட்டது. ரத்தமும் சரியாகி வருகிறதாம். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த உங்கள் மகளை இன்று முதன்முதலாக என் கையில் கொடுத்தார்கள். பப்பாளிக்காய் அளவுதான் இருக்கிறாள். பால் குடிக்க இன்னும் தெரியவில்லை, அழ நன்றாகத் தெரிகிறது. அப்படியே அத்தையின் குரல். அவரிடம் சொல்லுங்கள், எட்டாம் மாதத்துப் பேத்தி தங்கிவிட்டாள் என்று.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் ரகசியத்தைப் போன் போட்டுச் சொன்னதற்கு முதலில் நன்றாகச் சண்டை போடுவேன். அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கத் தருவேன்.

சண்டை போட உயிரோடு இருக்கும்
உங்கள் திலகம்