வாயைத் திற, பார்க்கலாம்

கிராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். ஓசூரில் நாம் போன அதே பல் டாக்டர்தான். இந்த முறை நாற்காலியில் நான். "ஷுகர் இதியா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் "இருக்கு சார், மாத்திரை போடறேன்" என்றேன். எல்லாம் உன்னால் வந்த அவசரம்.

அன்று இதே கேள்விக்கு நீ இல்லையென்று தலையாட்டினாய். சர்க்கரை என்று தெரிந்தால் ஃபர்னஸ் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று கம்பெனியில் சொல்லிவந்த பொய், பழக்கத்தில் டாக்டரிடமும் வந்துவிட்டது. கூட வந்த நானும் வாயைத் திறக்கவில்லை. பல்லைப் பிடுங்கியவர் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார். "டாக்டரே சொல்லிட்டாரு மாப்ள, வாங்கியா!" என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே குதித்தாய். நாலு நாள் வாங்கிக் கொடுத்த பாவி நான்தான்.

பத்து நாளாகியும் குழி மூடவில்லை. சீழ் வைத்து, தாடை வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகுதான் இருவரும் போய் உண்மையைச் சொன்னோம். டாக்டர் உன்னைவிட என்னைத்தான் அதிகம் திட்டினார். அதற்குப் பிறகு ஊசி, மாத்திரை, பத்தியம். ஷிஃப்ட் முடிந்து நம் அறைக்கு வந்ததும் "வாயைத் திறடா" என்று செல்போன் டார்ச்சைப் பிடிப்பேன். "என்னாடா, கெணத்துல தண்ணி ஊறுதான்னா பாக்கற?" என்பாய். சிரித்தால் உனக்கு வலிக்கும். அப்படியும் சிரிப்பாய்.

ஆறாவது வாரம் குழி மூடியது. கை கழுவப் போகிறேன் என்று வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவே இல்லை.

போன வருஷம் லீவில் ஊத்தங்கரைக்குப் போன உன்னை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. வாய்க்கரிசி போட உன் அண்ணன் என்னையும் கூப்பிட்டார். அரிசியைப் போட்ட கை, பழக்கதோஷத்தில் உன் கன்னத்தை விலக்கப் போனது. யாரும் பார்ப்பதற்குள் இழுத்துக்கொண்டேன்.

"சீழ் வைக்குதான்னு வீட்ல யாரையாவது தினமும் பாக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர் இன்று, என் பல்லைப் பிடுங்கி முடித்ததும். என் வீட்டார் விருதுநகரில் இருக்கிறார்கள், உன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவரிடம் இப்போது என் பொய்.

கண்ணாடி முன் நின்று ஒரு கையால் கன்னத்தை விலக்கி, மறு கையில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். என் கை நிழலே குழியை மறைக்கிறது. நீ இருந்திருக்கலாம், மாப்ள. ஆனாலும் தினமும் பார்ப்பேன். ஆறும்வரை பார்ப்பேன்.