மாற்றித் தரமாட்டார்கள்

என்னங்க,

பாப்பாவுக்கு ஜுரம் இல்லை. நேற்று வாந்தி எடுத்தாள், அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "மலையில ரெண்டு வயசு வரைக்கும் பட்டினி கெடந்த கொழந்த. நீங்க தத்தெடுத்து இன்னா ஊட்டுனாலும் வளர்த்தி கம்மியாத்தான் இருக்கும். படிப்பும் மெதுவாத்தான் வரும்."

உடனே நீங்கள், "வேற புள்ள மாத்தித் தருவாங்களா?" என்றீர்கள். ஓட்டைக் குடத்தைக் கடையில் மாற்றக் கேட்பதுபோல. அப்போது பாப்பா உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கே உளுந்தூர்பேட்டைக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நேற்று மத்தியானம் என்னிடம் கேட்டாள். "நெறைய துன்னா நான் வளந்துடுவேன்ல? அப்பா வந்துடும்ல?"

நான் தடுக்கத் தடுக்கச் சோற்றை அள்ளித் தின்றாள். பிறகு பாயெல்லாம் வாந்தி.

அதைக் கையால்தான் வழித்தேன். கொஞ்சமும் அருவருப்பு வரவில்லை. கொடியில் கிடந்த உங்கள் சட்டையை எடுத்து மடித்தபோதுதான் குமட்டியது.

உங்கள் துணிகளை இருசப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மனசு மாறினாலும் இப்போது வரவேண்டாம். நீங்கள் வந்து நின்றால், நிறையத் தின்றதால்தான் அப்பா வந்தார் என்று அவள் நம்பிவிடுவாள்.

பாப்பாவின் அம்மா