இடைவேளையில் கழற்றிய சப்பாத்துகள்

மச்சாள்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் எசமானி சிஞ்ஞோரா வீட்டு வேலை, மாலையில் மகள். அவளும் இவரும் படுத்த பிறகுதான் மேசை எனக்குக் கிடைக்கிறது. மேசையில் மகளின் புதிய உதைபந்தாட்டச் சப்பாத்துப் பெட்டி. அறை முழுக்கத் தோல் மணம். பக்கத்தில், பங்குக் கோவில் அணியில் அவளைச் சேர்ப்பதற்கான படிவம். கையெழுத்து வைத்து நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த மணம் நம் கல்லூரி நூலகத்தின் மணம். தோல் அட்டை போட்ட பழைய சஞ்சிகைகளை நீ கிளறியது நினைவிருக்கிறதா? ஆண்டு மலருக்கு எழுதுவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லூரி அணி ஆடிய ஒரு பருவத்தைக் கண்டுபிடித்தாய். ஐந்து ஆட்டங்கள். வெறுங்காலோடு ஆடி முதல் இரண்டிலும் தோல்வி. எதிரணியின் சப்பாத்து மிதித்து இரண்டு பேருக்குக் கால்விரல் முறிந்தது. அதிபர் பயந்துபோய்க் கொழும்பிலிருந்து பதினொரு சோடி எடுப்பித்தார். மூன்றாம் ஆட்டத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் பாதி நேரத்துக்குள் மூன்று கோல் வாங்கினார்கள். அடுத்த வரியை நீதான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினாய்: “இடைவேளையில் சப்பாத்துகள் கழற்றப்பட்டன.” அவ்வளவுதான், விளக்கம் ஒன்றுமில்லை. ஆட்டம் மூன்றுக்கு மூன்று. மிச்ச இரண்டும் வெறுங்காலில் வெற்றி.

நூலகர் முறைக்க முறைக்கச் சிரித்தாய். “பாரடி, மிதிக்குப் பயந்து சப்பாத்துப் போட்டவை. பிறகு சப்பாத்துக்குப் பயந்து ஓடாமல் நிண்டிருக்கினம்.”

சின்ன வயதுக் காய்ச்சலில் உன் இதயம் பழுதானதால் ஓடக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. காவல் நான். அன்று நூலகத்தால் வரும்போது மைதானத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. செருப்பைக் கழற்றி என் கையில் தந்தாய்.

“இந்தா, பிடி. இடைவேளை.”

“ஓடாதையடி! மாமிக்குச் சொல்லுவன்!”

“சொல்லு, சொல்லு. கோல் எத்தினை எண்டும் சேர்த்துச் சொல்லு.”

கோல் கம்பம் வரைக்கும் ஓடினாய். நான் மாமிக்குச் சொன்னேன். அதன்பின் உன்னை மைதானப் பக்கமே விடவில்லை. ஒரு மாதம் நீ என்னோடு கதைக்கவில்லை. பிறகு எவ்வளவோ காலம் ஓடாமல்தான் இருந்தாய். ஒரு நாள் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோதே போய்விட்டாய்.

மகளின் இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று வைத்தியர் சொன்னார். பிறகு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “நியென்தே, சிஞ்ஞோரா. ஒன்றுமில்லை, ஓடட்டும்” என்று சான்றிதழ் தந்தார். அது வந்து பத்து நாள். “டொக்டரே ஓடலாம் எண்டிட்டார். நீ என்ன, டொக்டருக்கு மேலையோ?” என்கிறார் இவர். நான் படிவத்தைத் தொடவில்லை.

கால் பிரளாது என்று நினைத்து, வியா மக்வேதா கடைத்தெருவில் நான் முதலில் வாங்கியது இறுக்கமான சப்பாத்து. கோவில் முற்றத்தில் நேற்றுப் பயிற்சி. ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தவள் நடுவில் ஓடி வந்து இரண்டையும் கழற்றி என் கையில் வைத்தாள்.

“பஸ்தா, போதும் அம்மா! கால் நோகுது. பிடியுங்கோ.”

பாதிரியார் கத்தக் கத்த வெறுங்காலோடு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது, மூச்சு ஒழுங்காக இருந்தது. சப்பாத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன். இந்தமுறை ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று போய் ஒரு அளவு பெரிதாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

உன் கடைசிக் கடிதம் என் வதிவிட அனுமதியான பெர்மெசோவோடு ஒரே உறைக்குள் இருக்கிறது. அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குப் போகும்போதெல்லாம் அதுவும் என்னோடு வரிசையில் நிற்கிறது. “சின்னவள் நடக்கத் தொடங்கிட்டாளாம். ஓட விடுறியோ, பிடிச்சு வைச்சிருக்கிறியோ?” என்று கேட்டிருந்தாய். அடுத்த கிழமை எழுதலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் நீ இல்லை என்று தொலைபேசியில் செய்தி வந்துவிட்டது. அதற்கு இப்போது ஆறு வருடம்.

படிவத்தில் இப்போதுதான் கையெழுத்து வைத்தேன். ஓட விடுகிறேன், மச்சாள். பதில் பிந்திவிட்டது. சனிக்கிழமை பக்கத்து ஊர் பகேரியாவில் முதல் ஆட்டம். ஓரத்தில் நின்று கத்துவேன், அதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது. கோல் எத்தனை என்று அன்றைக்கே எழுதுகிறேன்.

நீயும் கெதியாய்ப் பதில் போடு.