குளுக்கோஸ் ஏறும் வண்டி

ஜூன் 4, புதன்

எருமை இன்றும் எழவில்லை. உதைத்து உதைத்து இடது கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே குளவி மண் கூடு கட்டியிருக்கிறது. இத்தனை நாள் நான் வாங்கி ஊற்றிய பெட்ரோல் யாருக்கு?

அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "மாப்பிள்ளை எழுந்தாச்சா?"

மைசூர் மண்டி மொஹல்லாவில் பழைய இரும்புக்கடையிலிருந்து இந்த யெஸ்டி பைக்கை நான் தள்ளிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அது மாப்பிள்ளை. எனக்கு எருமை. கறுப்பு, கனம், நகராது. "வம்சத்துக்கே முதல் டிகிரி. அந்தக் கையைப் பாரு" என்கிறாள். பார்த்தேன். நகக்கண் எல்லாம் கிரீஸ். நாளைக்குக் கல்லூரி ஆய்வகத்தில் இதே கையோடுதான் பிள்ளைகளுக்கு லென்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பழைய வண்டிச் சங்கத்துக் கூட்டம். இடம் எப்போதும் போலத் தலைவர் சோமசேகரப்பாவின் கல்யாண மண்டபம். அவருடைய ஒன்பது வண்டிகளும் அங்கேதான் மணமகள் அறையில் ஏசி போட்டு நிற்கின்றன. முகூர்த்த நாட்களில் மணப்பெண்கள் எங்கே உடை மாற்றுகிறார்களோ தெரியவில்லை.

காலை முழுக்க மெரூன் நிறத்தைப் பற்றிச் சண்டை. எழுபத்து நாலாம் வருட மெரூன் திராட்சையா, மாதுளையா? வேலை வெட்டியுள்ள பெரிய மனுஷர்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு கேசரி பாத் சாப்பிடாமலே போய்விட்டார்.

ஜூலை 13 சாமுண்டி மலைக்கு ஊர்வலம். ஊர்வலத்தில் போக வண்டிக்கு எண் வேண்டும். எண் வாங்கக் குழு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும்: மூன்று உதைக்குள் எழ வேண்டும், எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். தேறினால் முன் விளக்குக்குக் கீழே ஒட்ட எண் எழுதிய ஒரு வட்டத் தாள் தருவார்கள்.

அது எனக்கு வேண்டும். இரண்டு வருடமாக மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். இந்த வருடம் என் வண்டியில் ஒட்ட வேண்டும்.

கூட்டம் முடியும்போது தலைவர் என் பக்கம் கை காட்டினார். "பொம்பளப் பிள்ளை கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பதிவு மேஜைல இந்த வருஷமும் நம்ம பாப்பாவே உக்காரட்டும்."

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். சொல்லவில்லை. தலையாட்டினேன். இந்தத் தலையை யாராவது கழற்றி கிரீஸ் போட்டால் தேவலை, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

எழுந்தது!

தெரு முழுக்கப் புகை. எதிர்வீட்டு கமலம்மா காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடினாள். அம்மா வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். "மாப்பிள்ளை பீடி பிடிப்பாரு போல." ஆனால் சாயங்காலம் அவளாகவே சோபா ரெக்ஸின் மிச்சத்தை எடுத்து வந்து சீட்டுக்கு அளவெடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள்.

ஜூன் 29, ஞாயிறு

குழுவின் சோதனை. இரண்டாவது உதையிலேயே எழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, டிபன் வந்துவிட்டது.

பிறகு குழுவிலிருந்து டாக்டர் லோபோ வந்தார். பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். ஆனால் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. தரையில் பேப்பர் விரித்துப் படுத்து, என் பெட்ரோல் தொட்டிக்கு அடியில் அதை நீட்டிப் பார்த்தார். எருமை வாயைத் திறந்தால் பல்லையும் எண்ணியிருப்பார்.

"வெல்டிங் இருக்கு" என்றார், சொத்தைப் பல் இருக்கிறது என்பது போலவே.

ஓட்டைத் தொட்டியை அடைக்காமல் எப்படி ஓட்டுவது? கேட்கவில்லை.

பின் விளக்கு வேறு கம்பெனியுடையது. சீட் உறை கம்பெனித் தையல் இல்லை. தலைவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். "இது என்ன பாப்பா, சோபாவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா அதற்காக இரண்டு ஊசி உடைத்தாள், நான் சிரித்தேன்.

எண் கிடையாது. வேண்டுமானால் ஊர்வலத்துக்குக் கடைசியில், குடிதண்ணீர் ஆட்டோவுக்கும் பின்னால் 'பார்வையாளர்' என்று வரலாமாம். "மனசு விட்டுடாதே பாப்பா. ஒரிஜினல்னா ஒரு தவம்" என்றார் தலைவர்.

வீட்டில் அம்மா கேட்டாள். தேறிவிட்டது என்று சொன்னேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 5, சனி

மண்டபத்தில் வண்டி துடைக்கும் நாள். நானும் போனேன், பதிவு மேஜைக்கு விரிப்பு அளவெடுக்க. (ஆமாம். போனேன்.)

தலைவரின் மெரூன் வண்டி நடு ஹாலில் நின்றது. மாதுளை வென்றுவிட்டது போல. கோவையில் செய்வித்த புதுத் தொட்டி, ஏழு பூச்சு, முகம் பார்க்கலாம். மூச்சுப் பட்டால் மங்கிவிடும் என்று சொல்லி எல்லாரையும் ஓரடி தள்ளி நிற்க வைத்தார்கள். போன் வந்ததும், "பாப்பா, ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ" என்று ஹாண்டில்பாரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டியில் விரல் பட்டது. டங் என்றது. காலிக் குடத்தின் சத்தம். குனிந்து பார்த்தேன். பெட்ரோல் இறங்கும் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் குழாயும் இல்லை, அதற்கு ஓட்டையும் இல்லை. பெயிண்ட் அடித்தவர் அதையும் சேர்த்து வழவழவென்று பூசி மூடியிருக்கிறார். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் சீட்டுக்கு அடியில் போகிறது. அங்கே கம்பியில் கட்டி ஒரு குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றுவார்களே, அதே. அரை பாட்டில் பெட்ரோல்.

வண்டி நோயாளி! ஏசி அறை, தினமும் துடைப்பு, டிரிப்ஸ். இப்போதுதான் எல்லாம் புரிகிறது.

வெளியே தலைவர் டெம்போ டிரைவரிடம் பேசுவது கேட்டது. "போன வருஷம் மாதிரியே அடிவாரத் திருப்பத்துல நில்லு. நான் வந்ததும் வண்டிய ஏத்திக்கோ, மேல கோயில்கிட்ட இறக்கிடு." இன்னொரு விஷயத்தையும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஊர்வலத்துக்காகப் பதினொரு மணிவரை டெம்போ, லாரி எதையும் மலைப்பாதையில் விடக்கூடாது என்று போலீஸில் பேசிவிட்டாராம். அவருடைய டெம்போ மட்டும் முன்னாடியே உள்ளே போய் நின்றுகொள்ளும்.

டாக்டர் லோபோ அந்தக் கண்ணாடியை இந்தத் தொட்டிக்கு அடியில் ஒரு தடவை நீட்டியிருக்கலாம். நீட்ட மாட்டார். தலைவர் வாயில் யார் பல் பார்ப்பது?

ஜூலை 9, புதன்

போவதா வேண்டாமா? போகாவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது?

ஜூலை 13, ஞாயிறு

ராத்திரி ஆகிவிட்டது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் மேஜை. அறுபதுக்கு மேல் வட்டத் தாள்களை என் கையால் கொடுத்தேன். ஒருவர் என்னிடமே கேட்டார், டீ எங்கம்மா கிடைக்கும் என்று.

தலைவர் மெரூன் வண்டியில் வந்தார். மைசூர் பேட்டா தலைப்பாகை, கூலிங் கிளாஸ், கழுத்தில் மல்லிகை மாலை. வண்டிக்கும் மாலை. ஒரே உதையில் எழுந்தது, கைதட்டல். எல்லாரும் புகைந்துகொண்டு போனார்கள், தண்ணீர் ஆட்டோவும் போனது. மேஜையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு எருமையைக் கிளப்பினேன்.

அடிவாரத் திருப்பத்தில் டெம்போ நின்றது. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சார் நிக்கவே இல்லைக்கா என்றான். ஒரு பத்திரிகைக்காரன் இன்னொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு தலைவரை ஒட்டியே படம் எடுத்துக்கொண்டு வந்தானாம். அவன் பார்க்கும்போது எப்படி டெம்போவில் ஏற்றுவது? கையை அசைத்துவிட்டு மலையேறிவிட்டார். பின்னாலேயே போகலாம் என்றால் போலீஸ்காரர் விடவில்லை. சங்கத் தலைவரே கேட்டு வாங்கின உத்தரவு என்று சொன்னாராம்.

மூன்றாவது வளைவில் தலைவரைப் பார்த்தேன். வண்டியைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். போனில் யாரும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடந்து போகிறவர்கள் எல்லாரும் பெரிய மனுஷன் முக்கியமாகப் பேசுகிறார் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பத்திரிகைக்காரனும்தான்.

நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று யோசிக்கிறேன். கடந்து போயிருக்கலாம். ஆனால் நான் கடைசி. எனக்குப் பின்னால் வர யாரும் இல்லை.

போன் இறங்கியது. பெட்ரோல் கொஞ்சம் கிடைக்குமா என்றார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதில் ஊற்றுவது? குளுக்கோஸ் பாட்டில் கட்டு அவிழ்ந்து எஞ்சின் மேல் விழுந்து அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தது. பெட்ரோல் தீர்ந்த பிறகு விழுந்ததால் ஆள் பிழைத்தார். பளபளக்கும் தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் மேலே நந்தி சிலை இருக்கும் பக்கம் பார்த்தார்.

மேலே மேடை, மைக், பத்து மணிக்கு அவருடைய பேச்சு. தலைப்பு 'ஒரிஜினாலிட்டி'.

"ஷராவதி" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். "பின்னாடி ஏறிக்கட்டுமாம்மா? நேரமாச்சு."

தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"ஒரிஜினல் வண்டி இல்லையே சார். உங்களுக்குப் பரவாயில்லையா?"

சொல்லிவிட்டேன். சத்தமாக. இந்த நோட்டில் இல்லை, ரோட்டில்.

அவர் மெதுவாக, "பரவாயில்லம்மா" என்றார். ஏறினார். எருமை ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான், ஏறிவிட்டது. பாதி வழியில் காதருகே, "சீட்டு சுகமா இருக்கே, எங்க வாங்கினது?" என்றார்.

"சோபா, சார். எங்கம்மா தைச்சது."



மேலே எல்லாரும் வாய் பிளந்தார்கள். மனுஷன் கண் இமைக்கவில்லை. நேரே மைக்குக்குப் போனார். பெண்களை ஊக்குவிப்பதற்காகவே இந்த வருடம் தன் வண்டியை வழியில் நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே ஒரு பெண் உறுப்பினரின் பின்னால் அமர்ந்து வந்ததாகச் சொன்னார். கைதட்டல் நிற்கவே இல்லை. டாக்டர் லோபோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் உறுப்பினர்! எண் இல்லாத உறுப்பினர்.

ஜூலை 14, திங்கள்

பேப்பரில் படம். தலைவர் முழுசாக இருக்கிறார். என் ஹெல்மெட்டில் பாதி. எருமையின் முன் விளக்கும் சக்கரமும் முழுசாக, பின்னால் மற்ற வண்டிகளின் வரிசை.

அம்மா கத்தரித்து தையல் மெஷினுக்கு மேல் ஒட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லா வண்டியிலயும் வட்டமா ஒண்ணு ஒட்டியிருக்கு. மாப்பிள்ளைக்கு எங்கே?" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேறவில்லை, சீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. மெஷின் நின்றது. "அந்தச் சோபாலதானே அந்த ஆள் உக்காந்து வந்தான்?" என்றாள். மெஷின் மறுபடி ஓடியது.

ஜூலை 27, ஞாயிறு

தலைவர் வீட்டுக்கு வந்தார். பேட்டா இல்லை, கூலிங் கிளாஸ் இல்லை. கையில் சால்வை சுற்றிய தொட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவது போல. ஓட்டை போட மெக்கானிக்கிடம் கொண்டு போனால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

அம்மா டீ கொடுத்தாள். மரியாதையாகத்தான் கொடுத்தாள். உட்கார சோபாவைக் காட்டினாள்.

தொட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். பெட்ரோல் வாசனையே படாத தொட்டி, தீப்பிடிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தைத் தட்டிக் கண்டுபிடித்து டிரில்லை வைத்தேன். மேலே ஏழு பூச்சு, அதற்கடியில் புட்டிப் பசை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதுளை நிறத் தூள் வாசல் முழுக்கப் பறந்தது. ஓரத்தில் பெயிண்ட் காசளவு பெயர்ந்தது. சொன்னேன். பரவாயில்லை என்று கையைக் காட்டினார், பார்க்காமலே.

தொட்டியை நிமிர்த்தி ஒரு சொம்பு பெட்ரோல் ஊற்றினோம். புது ஓட்டை வழியே கீழே ஒழுகியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடுத்த வருஷம் மேஜைல யாரு சார்?" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வட்டத் தாளை எடுத்தார். வரும்போதே கொண்டு வந்திருக்கிறார். எருமையின் முன்னால் குனிந்து, முன் விளக்குக்குக் கீழே நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"நானே உக்காந்துக்கறேன்" என்றார். "என் கையெழுத்துதான் கொஞ்சம் சுமார்."