உன் பெயரைப் பார்த்துத் தண்ணீர் பிடிக்கிறார்கள், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ போன பிறகு உன்மேல் எல்லோருக்கும் பாசம் பொங்கி வழிகிறது. நேற்று உன் பல்கலைக்கழகத்தில் உன் படத்துக்கு மாலை போட்டார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை ஒரு வார்த்தை பேச விடாதவர்கள்.

பாலாநகர் ஃபாக்டரிகளுக்குப் பின்னால் இருக்கும் குடிசைப் பகுதியான பஸ்தியின் அடிகுழாயை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தத் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறது என்று உன் கெமிஸ்ட்ரி லேபில்தான் கண்டுபிடித்தீர்கள். உடனே உன் துறைத்தலைவர் அங்கே ஒரு தகரப் போர்டு மாட்டினார். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை: ‘நாட் போட்டபிள்’. குடிக்க லாயக்கில்லை என்று அர்த்தமாம். அங்கே யாருக்கு அது புரியும்?

பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் அதைப் ‘போர்ட்டபிள்’ என்று படித்தார். அவர் பார்க்கிற டிரான்சிஸ்டர்களில் எல்லாம் அந்த வார்த்தைதானே இருக்கிறது. “லேகே ஜானா நக்கோ கதே, இதரிச் பீனா” என்று ஊருக்கே விளக்கம் வேறு. எடுத்துக்கொண்டு போகக்கூடாதாம், இங்கேயே குடிக்கணுமாம். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து குழாயடியிலேயே குடிக்க வைத்தார்கள். சிரிப்பதா, அழுவதா?

நீ இரண்டும் செய்யவில்லை. பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினாய். “ஏட்டி ரூபி, வேண்டாம்னு சொல்லுததுக்கு டிக்சனரியா வேணும்?” என்று கேட்டாய். அந்தப் போர்டின் மேலேயே தெலுங்கு எழுத்திலும் உருது எழுத்திலும் ‘பீனா நக்கோ’, குடிக்காதே, என்று பெரிதாக எழுதினாய். பஸ்தியில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. அன்றோடு குடிப்பதை நிறுத்திவிட்டுத் துணி துவைக்க மட்டும் அந்தக் குழாய்க்கு வந்தார்கள்.

உனக்குக் கிடைத்த பரிசு என்ன? “யுனிவர்சிட்டி போர்டுல பஜார் பாஷையா?” என்று எல்லோர் முன்னாலும் துறைத்தலைவர் கத்தினார். இனி பஸ்திப் பக்கமே போகக்கூடாது என்றார். நீ போனாய், அது வேறு விஷயம்.

அதே மனுஷர்தான் நேற்று, அறிவியலை மக்களிடம் கொண்டுபோன உன்னைப் பற்றி உருகி உருகிப் பேசினார். முழுக்க இங்கிலீஷில். உன் படத்தைப் பார்க்க வந்த பஸ்திப் பெண்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். பிறகு எல்லோரும் காரில் போய் அடிகுழாய்ப் பக்கத்தில் புதுப் போர்டைத் திறந்து வைத்தார்கள். உன் பழைய போர்டைக் காணோம். புதுசில் உன் பெயர் மட்டும் தெலுங்கு, உருது, இங்கிலீஷ் மூன்றிலும் இருக்கிறது. அதற்குக் கீழே, பொடியாக, இங்கிலீஷில் அதே இரண்டு வார்த்தை.

இன்று காலை போனேன். பஸ்தியில் இருக்கும் யாதம்மா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். துவைக்கவா என்று கேட்டேன். குடிக்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எஸ்தரம்மா பேரு உந்தி கதா. மஞ்சி நீள்ளே” என்று என்னைச் சமாதானப்படுத்துகிறாள். அம்மா பேர் இருக்கிறதே, நல்ல தண்ணிதான் என்கிறாள்.

உன்னை நம்பிக் குடிக்கிறார்கள் அக்கா. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். அவளுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும். வரும் வழியில் கறுப்புப் பெயிண்ட் வாங்கிவிட்டேன். நாளைக் காலை முதல் குடம் வருவதற்குள் அங்கே இருப்பேன். ‘நக்கோ’ என்று பெரிதாக எழுத அந்தப் போர்டில் ஒரே இடம்தான் இருக்கிறது.

நாளை உன் பெயரை அழிக்கப்போகும்,
உன் தங்கை ரூபி