பெருவிரல் வைத்த ரொட்டிப் பானை

அன்புள்ள நண்பருக்கு,

நேற்று எங்கள் வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. மருமகள் வாழைப்பழக் கேக் செய்வதற்காகப் பழைய பித்தளை அண்டாவில் மணல் பரப்பி, உள்ளே கிண்ணத்தை வைத்து, ஆவி போகாமல் இருக்க மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டியிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்குப் போய் வந்தவள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஆரு இதத் தொட்டது? மாவுல வெரல் பதிஞ்சிருக்குது!"

பேரன் பேத்தியைக் காட்டினான். பேத்தி பேரனைக் காட்டினாள். மருமகள் இருவரின் கைகளையும் பிடித்துத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரலும் சிறியவை. பிறகு அவள் பார்வை மெல்ல, நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பியது.

"மாமா, நீங்களா?"

"ஆமா சாமி."

"உங்களுக்கு எதுக்குங்க மாமா இந்த வேலை?"

"சும்மாதான்" என்றேன். அவள் நம்பவில்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் "சும்மாதான் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் நம்பியதில்லை.

கொஞ்ச நேரத்தில் மணல் சூடேறும் வாசம் வந்தது. அதன் பின்னாலேயே பழமும் வெல்லமும் வேகும் வாசம். நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்தது போல் இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. நேரில் கடைசிவரை நாம் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் அழைத்தோம். அந்த மரியாதை இங்கும் இருக்கட்டும்.

கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராக மலையேறி வந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சி. எங்கோ பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது மண்ணெண்ணெய் கிடைக்காததிலும் கோதுமை மாவு அரிதானதிலும் மட்டுமே தெரிந்தது. நீங்கள் அங்கே ஃபாரஸ்ட் கார்டு. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த மண்சுவர் வீடு உங்களுடையது. இருவருக்கும் சேந்தமங்கலத்துப் பக்கம்தான் ஊர். நான் மலைக்காரர் வீடுகளில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிட்டேன். நீங்கள் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, அவங்க போடறதையெல்லாம் தின்னுறீங்களே, பயமில்லீங்களா?" என்று முதல் வாரமே கேட்டீர்கள்.

"எதுக்குங்க பயம்?"

"மருந்துங்க. சோத்துல கலந்து குடுத்தா ஒண்ணுமே தெரியாது. வவுத்துலயே கெடந்து ஆள உருக்கிப் போடும். எங்க பெரியப்பா மொளகு யாவாரத்துக்கு இங்க வந்தவருதான். திரும்பி வந்து நடுங்கிட்டே படுத்தவரு, எந்திரிக்கவே இல்லை."

நடுங்கிக்கொண்டே படுத்தார் என்றதும் எனக்கு மலைக்காய்ச்சல் என்றுதான் தோன்றியது. அந்தக் காலத்தில் கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் படுத்தார்கள். சொல்லிப் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. இவனுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்கிற இரக்கம். நீங்கள் வேலைக்குப் புறப்பட்டபோது உங்கள் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "மலைல ஆரு கையிலயும் வாங்கித் திங்காத, கண்ணு." அந்தச் சொல்லை நீங்கள் காக்கிச் சட்டையைப் போலவே தினமும் போட்டுக்கொண்டீர்கள்.

அதனால்தான் ரொட்டி. எங்கோ ஒரு முகாமில் துரையின் சமையல்காரரிடம் பார்த்துக் கற்றதாகச் சொன்னீர்கள். கிடைத்த கோதுமை மாவோடு கேழ்வரகு மாவைக் கலந்து, மலைவாழைப்பழத்தைப் பிசைந்து, முந்திய நாள் எடுத்து வைத்த புளித்த மாவைச் சேர்த்து உருட்டுவீர்கள். கொல்லைப்புறச் சார்ப்பின் கீழ் ஒரு பெரிய மண்பானை. அடியில் மணல், மணலின் மேல் மாவு வைத்த சட்டி, பானையின் வாயில் மூடி. மூடியைச் சுற்றி ஈரக் களிமண் பூசுவீர்கள். மூடியின் மேல் கங்கு, பானைக்கு அடியில் தணிந்த நெருப்பு. காலையில் வைத்துவிட்டுக் காட்டைச் சுற்றப் போனால் உச்சி வெயிலில் திரும்பி வந்து உடைப்பீர்கள்.

போவதற்கு முன் இன்னொன்றும் செய்வீர்கள். ஈரக் களிமண்ணில் வலது பெருவிரலை அழுத்தி வைப்பீர்கள். அரிவாள் பட்ட தழும்பு ஒன்று உங்கள் விரலில் குறுக்கே ஓடும். அந்தத் தழும்பு மண்ணில் ஒரு கோடாக விழும். வந்ததும் முதலில் கோட்டைப் பார்ப்பீர்கள், அப்புறம்தான் மூடியைத் தொடுவீர்கள்.

"சர்க்கார் சீலு மாதிரிங்க. ஆராச்சும் தொறந்தாத் தெரிஞ்சு போகும்."

ஒருநாள் எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தீர்கள். "என்ற கையால செஞ்சது. நம்பித் திங்கலாமுங்க." அது கல்லாக இருந்தது, புளித்தது, அடியில் கருகியிருந்தது. பழம் பட்ட இடத்தில் மட்டும் ஓர் இனிப்பு. யாரையும் நம்பாத ஒருவர் தன்னை நம்பச் சொல்லி நீட்டிய கையை நான் எப்படித் தட்டுவது? தின்றேன். மறுநாள் ஊரில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கார்டு குடுத்ததத் தின்னீங்களாமா வாத்தியாரே? வவுறு எப்படி இருக்குதுங்க?"

"அந்தப் பானைக்குள்ள என்னத்தப் பூட்டி வெச்சிருக்காரு?"

அவர்களுக்கு உங்கள் மேல் சந்தேகம், உங்களுக்கு அவர்கள் மேல். நடுவில் என் வயிற்றை இரு தரப்பும் கண்காணித்தார்கள்.

உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பாப்பாயி. நம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், வாயாடி. அவள் புருஷன் காப்புக்காட்டில் மரம் வெட்டியதை நீங்கள்தான் பிடித்தீர்கள். கேஸ் இன்னும் முடியவில்லை. ஆகவே உங்கள் கணக்கில், உங்களுக்கு மருந்து வைக்க ஊரில் யாருக்காவது காரணம் இருந்தால் முதல் காரணம் அவளுக்குத்தான்.

அந்த மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றீர்கள். முகம் வெளுத்திருந்தது.

"வாத்தியாரே, சித்தே வந்து பாருங்க. என்ற வெரல் இல்லீங்க அது."

பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டு வந்தேன். களிமண் காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஒரு பெருவிரல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. குறுக்குக் கோடு இல்லை. பரீட்சைத் தாளில் ஒரு விடை மட்டும் வேறு கையில் எழுதியிருந்தால் பார்த்ததும் தெரியுமே, அப்படித் தெரிந்தது. மண்ணும் உங்கள் மண் இல்லை. இன்னும் சிவப்பு.

"பாத்தீங்களா? தொறந்து, கலந்து, மூடி, எனக்குத் தெரியக் கூடாதுன்னு வெரலையும் வெச்சிருக்கா. நாளைக்கே ரேஞ்சர் ஆபீசுக்குப் போறேன். புருஷன் மேல கேஸ் இருக்கறப்ப இதும் சேந்தா அவன் உள்ளதான்."

"அவதான்னு எப்படீங்க சொல்றீங்க?"

நீங்கள் பதில் சொல்லுமுன் பாப்பாயியே வேலியைத் தாண்டி வந்தாள். சிரித்த முகம்.

"வெந்துச்சுங்களா சாமி? நாந்தான் தொறந்தேன்."

குற்றவாளி இப்படி வருவாள் என்று நாம் இருவருமே எதிர்பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். காற்று வீசிக் கங்கு சரிந்ததாம். ஓரத்தில் கிடந்த சருகு பற்றிக்கொண்டதாம். தீய்கிற வாசம் அவள் வீட்டுக்கே வந்ததாம். ஓடி வந்து நெருப்பைத் தள்ளி, மூடியைத் திறந்து, ரொட்டியைப் புரட்டிப் போட்டு, தன் வீட்டுக் களிமண்ணைக் கொண்டுவந்து பூசினாளாம்.

"அப்பறம் நீங்க வெக்கிறாப்புலயே பெருவெரலையும் வெச்சேன். நல்லா அழுத்தித்தான் வெச்சேன்."

"அத எதுக்கு வெச்சே?" என்று அதட்டினீர்கள்.

அவள் உங்களை விநோதமாகப் பார்த்தாள். "சாமிக்கு வெக்கிறதில்லீங்களா அது? தெனமும் நின்னு, மூச்சப் புடிச்சிட்டு வெக்கிறீங்க. வெக்காட்டி ரொட்டி உப்பாதுன்னு நெனச்சேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. "நல்லாக் கதை சொல்றே. ரேஞ்சர் அய்யாகிட்ட வந்து சொல்லு" என்றீர்கள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. முகம் சுருங்கியது.

"நான் என்னத்தையோ கலந்துட்டேன்னு சொல்றீங்களா? எரியுதேன்னு ஓடியாந்தவ மேலயா?"

நீங்கள் மூடியை உடைத்து ரொட்டியை எடுத்தீர்கள். அடி கருகியிருந்தது. அதை வைத்து அவள் சொன்னது உண்மை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் உங்கள் ரொட்டிக்கு அடி கருகாத நாள் எது? நீங்கள் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு நாயைத் தேடினீர்கள்.

பாப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாயிக்குப் போடறதுக்கா கையச் சுட்டுக்கிட்டுக் காப்பாத்துனேன்?" துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள். "தூ, இதுக்கா இத்தனை காவலு? எங்க ஆடுகூடத் திங்காது" என்றாள்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். நீங்கள் என் காதருகே குனிந்தீர்கள்.

"முறிவு மருந்து முன்னாலயே தின்னுட்டு வந்திருந்தாள்னா?"

எனக்கு அப்போது வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த கணக்குத்தான் வாயில் வந்தது.

"பத்த மூணால வகுத்தா என்னங்க வரும்?"

"இப்பப் போயிக் கணக்கா? மூணு. மீதி ஒண்ணு."

"அதுக்கு ஒரு சைபர் போட்டு மறுபடியும் வகுங்க."

"மூணு. மீதி ஒண்ணு."

"இன்னொருக்கா?"

"அதேதானுங்க. அது எங்க போயி முடியும்?"

"முடியாதுங்க. எத்தனை சைபர் போட்டாலும் ஒண்ணு மீதி நிக்கும். நாமதான் ஓரெடத்துல பென்சிலக் கீழ வெக்கோணும்."

"எந்த எடத்துலீங்க?"

நான் யோசிப்பதற்குள் பாப்பாயி சொன்னாள்: "பசிக்கிற எடத்துல வையுங்க சாமி. காலைல இருந்து காட்டுல சுத்துன ஆளு."

நீங்கள் அவள் கையைப் பார்த்தீர்கள். உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. அடுப்பில் வேலை செய்கிற எந்தக் கையிலும் கொப்புளம் இருக்கும் என்று நீங்கள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். பிறகு ரொட்டியைப் பிட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, விரலை மண்ணில் வைக்கும்போது மூச்சைப் பிடிப்பீர்களே, அப்படிப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டீர்கள்.

அந்தச் சாயங்காலம் முழுக்கப் பள்ளிக்கூட வாசலை விட்டு நீங்கள் நகரவில்லை. "நாக்கு கறுத்திருக்குதுங்களா பாருங்க." "இல்லீங்க." கொஞ்சம் கழித்து, "இப்பப் பாருங்க." பிள்ளைகள் போன பிறகும் உங்கள் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் நான்.

மறுநாள் ரேஞ்சர் ஆபீசுக்குப் போவீர்களா என்று நான் ஜன்னல் வழியே கவனித்தேன். நீங்கள் எப்போதும்போல் மாவைப் பிசைந்தீர்கள். பானையை மூடினீர்கள், மண் பூசினீர்கள், பெருவிரலை வைத்தீர்கள். வேலிப் பக்கம் திரும்பினீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

"பாப்பாயி, கங்கு சரிஞ்சாப் பாத்துக்க."

அவ்வளவுதான். கேஸை நீங்கள் விடவில்லை. வெட்டிய மரத்துக்கு அவள் புருஷன் அபராதம் கட்டினான். ஆனால் ரொட்டியைப் பற்றி எதுவும் எழுதிப் போகவில்லை. அன்று முதல் களிமண்ணில் இரண்டு விரல்கள். தழும்புக் கோட்டோடு உங்களுடையது. பக்கத்தில், நீங்கள் போன பிறகு வந்து வைத்த அவளுடையது. "ஒரு வெரலுக்கு இத்தனை கல்லாட்டம் இருந்தா ரெண்டு வைக்கோணுமில்ல" என்பாள். பழத்தைக் கூடப் போடு, வெல்லம் சேர் என்று வேலிக்கு அப்பாலிருந்தே கத்துவாள். ரொட்டி மெதுவாக மிருதுவாயிற்று. அந்த மழைக்காலத்தில் உங்களுக்கும் காய்ச்சல் வந்து நடுங்கிப் படுத்தபோது, சாமைக் கஞ்சி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. குடிப்பதற்கு முன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் குடித்தீர்கள்.

அவள் சொன்னது உண்மைதானா? நீங்கள் ரொட்டி தின்ற அன்று சார்ப்பின் கீழ் போய்த் தேடினேன். எரிந்த சருகு கொஞ்சம் கிடந்தது. அது அன்றைக்கு எரிந்ததா, முந்திய நாளா, யாரால் சொல்ல முடியும்? பூட்டிய பானைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்கூடத் திறந்திருக்கலாம். எனக்கு இன்றும் ஒன்று மீதி நிற்கிறது.

கடைசியாக உங்களை உங்கள் வீட்டில் பார்த்தபோது நாம் இருவரும் நரைத்துவிட்டோம். உங்கள் மனைவி இலை போட்டார். நீங்கள் வழக்கம்போல் சோற்றை ஒரு கணம் உற்றுப் பார்த்தீர்கள்.

"மருந்து கலந்துட்டேன், தின்னுங்க" என்றார் அவர், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"எத்தனை வருசமாக் கலக்கறே, ஒண்ணும் புடிக்கலியே" என்று பிசைய ஆரம்பித்தீர்கள்.

நேற்று கேக் வெந்து இறங்கியதும் மருமகள் ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். எதற்காக விரலை வைத்தேன் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தவள், கஞ்சிக்கு வந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

இன்று காலை பக்கத்து வீட்டுக்கு என்று இன்னொரு முறை மாவு கலக்கினாள். அண்டாவை மூடினாள். ஓரத்தில் மாவை ஒட்டினாள். தன் பெருவிரலை ஒரு பக்கம் அழுத்தி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, வெரல் வெக்க வாங்க. அடுப்பு எரியுது."

எழுந்து போனேன். அவள் விரலுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.