லீவுக்குப் போகிற மூன்று இடங்கள்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நேற்று ஒழுங்காகச் சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் சொன்னார். நீங்கள்தான் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்கு மூன்று இடங்கள் முடிவு செய்திருக்கிறோம். ஏரிக்கரைப் பூங்கா, அருங்காட்சியகம், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் மீன் காட்சிசாலை. எல்லாமே வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். படி ஏறாமல் உள்ளே போக முடியுமா என்று மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் உங்களை வெளியே அழைத்துப் போகலாமாம், டாக்டர் சொன்னார்.

பூங்கா அலுவலகத்தில் சக்கர நாற்காலியை இரவல் வாங்கி நானே உட்கார்ந்துகொண்டேன். பெரியவன் தள்ளினான். மேட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "அப்பாவே பரவால்லம்மா, நீ ரொம்ப வெயிட்டு," என்றான். சின்னவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆமாம், அவர்களிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றீர்கள். விபத்து நடந்து இரண்டு மாதமாகிறது. அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று இன்னும் எத்தனை நாள் சமாளிப்பது?

சின்னவள், "ஒரு காலுதான் இருக்குன்னா, நான் அப்பா மடியில உக்கார முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று பேரும் வருகிறோம். ஷேவ் பண்ணிக்கொண்டு இருங்கள். தாடி குத்துமே என்று அவள் இப்போதே கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரி